புற்றுக்காளானும் மருமகனும்

நான் பிறவிச் சந்தேகக்காரி. கடை மாவை இரண்டு தரம் அரிக்காமல் பாத்திரத்தில் கொட்டமாட்டேன். காரணம் இல்லாமல் நலம் விசாரிக்க வருகிறவர்களை வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிடுவேன். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அம்மாவிடமிருந்து வந்திருக்க வழியில்லை, அவள் ஊரையே நம்புகிறவள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மட்டக்களப்புப் பக்கம் கிரானில் இருக்கிறது. பின்வேலியைத் தாண்டினால் ஒரு துண்டுப் பற்றைக்காடு, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் வட்டை, நெல் விளைகிற நிலம். பற்றைக்காட்டுக்குள் ஆளுயரக் கறையான் புற்றுகள் நிற்கின்றன. ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்து, மறுபடி ஒரு நாள் வெயில் புழுங்கினால், புற்றடியில் காளான் கிளம்பிவிடும். முதல் நாள் வெறும் மண்ணாக இருந்த இடத்தில் விடியும்போது வெள்ளைக் குடைகள் நிற்கும். ஒரு நாள் தாமதித்தால் புழு வைத்துவிடும். அதனால் காளான் பிடுங்குகிறவர்கள் எல்லாரும் விடியற்காலையில்தான் போவார்கள், எந்தப் புற்றுக்குப் போனோம் என்று யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள்.

அம்மாவும் சொல்லமாட்டாள். கூடையை முந்தானையால் மூடிக்கொண்டுதான் வருவாள். கத்தி கொண்டுபோவதில்லை, புற்றில் இரும்பு பட்டால் அடுத்த மழைக்கு முளைக்காதாம். அடித்தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டி இழுப்பாள். புற்றுக்குள் இறங்கியிருக்கும் நீளமான வேர் அறாமல் வரவேண்டும். பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் புற்றைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பாள். நாகதம்பிரான் குடியிருக்கிற இடமல்லவா, கேட்டுவிட்டு எடுப்பது எங்கள் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் காளானை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் அலசி, கையாலேயே நார்நாராகக் கிழிப்பாள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்க, காளானைப் போட்டு, அது விடுகிற தண்ணீரிலேயே வேகவிட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு கொதியில் இறக்கி, தேசிக்காய்ப் புளி பிழிவாள். சிவப்பரிசிச் சோற்றோடு அந்தப் பால்க்கறியைப் பிசைந்தால் கோழிக்கறி எல்லாம் பக்கத்தில் வரமுடியாது. சந்தேகக்காரியான நானே அந்தக் கறிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு வளர்ந்தவள்.

பிரச்சினை நான் கலியாணம் முடித்த பிறகு வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என்னுடையவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், வாழைச்சேனையில் வங்கியொன்றில் வேலை. தன் ஊரை விட்டு வந்து மாமியார் வீட்டில் இருப்பதே அவருக்குச் செருப்புக்குள் கல் கிடந்த மாதிரி. அதற்கு மேல் எங்கள் ஊரைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு. மட்டக்களப்பில் பெண் எடுத்தால் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், சாப்பாட்டில்தான் மருந்து வைப்பார்கள் என்று. படித்தவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் சொல்வார்கள்.

அவருடைய தாயார் தொலைபேசியில் சிரிக்காமலே சொன்னார். ஒருநாள் என்னுடையவர் முற்றத்தில் நின்று ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பேசியதால் எனக்கும் கேட்டது.

"தம்பி, மற்றதெல்லாம் பறவாயில்லை. சாப்பாட்டிலை கவனமப்பு. அவை முதலிலை சாப்பிடுகினமோ எண்டு பாத்திட்டுச் சாப்பிடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பேச்சு அவர் மனதில் விழுந்த நேரம் சரியாக மழை நேரம். அடுத்த வாரமே அந்த வருஷத்தின் முதல் காளான் கறி வந்தது.

எங்கள் வீட்டில் மருமகனுக்குத்தான் முதலில் சோறு. அது மரியாதை. அவர் உட்கார, நான் பரிமாற, அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். மருமகன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடமாட்டாள், அவரோடு நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். "இன்னும் கொஞ்சம் போடு மகள்" என்று எனக்குத்தான் சொல்வாள். அவருக்கும் என்னிடம்தான் பதில். ஒரே வீட்டுக்குள் இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி.

இதெல்லாம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. காளான் கறி வந்த அன்றுதான் அதே வழக்கத்தை வேறு கண்ணால் பார்த்தார். அவர் சாப்பிட, அம்மா கதவிடுக்கால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முடித்த பிறகு நான் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை.

"எனக்கு வேணாங்கா, நீங்க தின்னுங்க" என்றாள். முதல்நாள் மிஞ்சிய சோற்றில் தயிர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். உம்மடை அம்மா ஏன் காளான் சாப்பிடேல்லை?"

"அவக்கு வேணாமாம்."

"போன வருஷமும் வேண்டாமெண்டுதானே சொன்னவ?"

யோசித்துப் பார்த்தால், அம்மா எங்களோடு காளான் கறி சாப்பிட்டதை நான் கண்டதேயில்லை. என் வாழ்நாள் முழுக்கப் பிடுங்கியவள் அவள், சமைத்தவள் அவள். அவள் சாப்பிட்டதாக ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை.

அதன் பிறகு அவர் காளான் கறியைத் தட்டில் வைத்துப் படமெடுத்து முகநூல் குழு ஒன்றில் போட்டு, இது நல்லதா கெட்டதா என்று கேட்டார். பதினைந்து பேர் செய்முறை கேட்டார்கள். நல்லதா கெட்டதா என்று ஒருவரும் சொல்லவில்லை. மனுஷன் இன்னும் நொந்துபோனார்.

நான் சிரித்தேனே தவிர, உள்ளே எனக்கும் புழு வைக்கத் தொடங்கிவிட்டது. கட்டிய கணவன் சந்தேகப்பட்டால் சண்டை பிடிக்கலாம். பெற்ற தாயை நானே சந்தேகப்பட்டால் யாரோடு சண்டை பிடிப்பது? அம்மாவுக்கு மருமகன் தன் ஊருக்குப் போய்விடுவார் என்ற பயம் இருந்தது எனக்குத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த வீட்டில் அவள் தனி. அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் எனக்கு இல்லை. பயந்த பெண் என்ன செய்வாள்? யாரையாவது போய்ப் பார்த்து, எதையாவது வாங்கி, கறியில் போடமாட்டாளா? எங்கள் ஊரில் அப்படிப் போகிறவர்களே இல்லை என்று என்னால் சத்தியம் பண்ணமுடியாது.

ஆகவே அம்மாவைக் கண்காணித்தேன். சந்தேகக்காரிக்குக் கண்காணிக்கத் தெரியாதா? கறிச்சட்டியைத் தவிர இன்னொரு சின்னச் சட்டி அடுப்பில் ஏறுவதைக் கண்டேன். காளான் ஆக்குகிற நாளில் மட்டும் அந்தச் சட்டி வெளியே வரும். நான் குசினிக்குள் நுழைந்தால் அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். "என்னத்துக்கும்மா அது?" என்றால், "ஒண்டுமில்ல, போய் உன்ட வேலையப் பாரு" என்பாள். அவள் என்னைத் துரத்தியது அந்தச் சட்டிக்காக மட்டும்தான்.

கணவரிடம் சட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"நான் இடமாற்றம் கேக்கப்போறன். யாழ்ப்பாணம் போவம். உம்மடை அம்மாவும் வரட்டும், வராட்டி விடட்டும். எனக்கு ஒவ்வொரு கவளமும் யோசிச்சு யோசிச்சுச் சாப்பிட ஏலாது."

அம்மா வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். வீட்டு வளவை விட்டு ஒரு இரவு வெளியே தங்கினாலே நித்திரை வராத ஆள். போனால் அவளை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். இருந்தால் என் கணவர் கடைச் சாப்பாட்டுப் பொதியோடு வீட்டுக்குள் வருவார். ஆனாலும் அம்மாவிடம் நேரே கேட்கப் பயந்தேன். கேட்டு, அவள் ஓம் என்று சொல்லிவிட்டால்?

அப்போது ஒரு சனிக்கிழமை. இரண்டு நாள் முன்பு இடியும் மழையும், முதல்நாள் வெயில் புழுக்கம். அம்மா விடியமுன் போய்விட்டு வந்தாள். கூடையின் மேல் முந்தானை மேடு கட்டி நின்றதை நான் கிணற்றடியில் நின்று கண்ணால் கண்டேன். அவரும் வீட்டில் இருந்தார். சரி, இன்றைக்குக் காளான்தான் என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மத்தியானம் தட்டில் பருப்பும் பொரித்த கருவாடும்தான் இருந்தது.

"காளான் எங்கை?" என்று அவர் என்னைக் கேட்டார்.

அம்மா அன்று கதவடியில் நிற்கவில்லை. தன் அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இண்டைக்குக் கிடைக்கல்ல எண்டு சொல்லு மகள். நமக்கு முன்னமே ஆரோ புத்தடிக்குப் போயித்தானுகள்."

பொய். நான் பார்த்த கூடை நிறைந்திருந்தது. அம்மா பொய் சொல்லி நான் கண்டுபிடித்தது அதுதான் முதல் தரம்.

அவர் கைகழுவப் பின்பக்கம் போனார். போனவர் அங்கேயே நின்று கூப்பிட்டார்.

"இஞ்சை ஓடிவாரும்!"

வாழையடியில் கோழிகள் புதுமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மண்ணுக்குள் வெள்ளையாகத் துண்டு துண்டாக ஏதோ கிடந்தது. நான் குச்சியால் கிளறினேன். காளான். முழுக் கூடைக் காளான், சாம்பலைத் தூவி மண்ணுக்குள் தாட்டு மூடியபடி கிடந்தது.

பழகின கண்ணுக்கு அது வெறும் கழிவாகத் தெரிந்திருக்கலாம். எங்கள் இருவர் கண்ணும் அன்று அப்படிப் பார்க்கவில்லை. செய்வினை செய்கிறவர்கள் வளவுக்குள் எதையாவது தாட்டுவைப்பார்கள் என்று சின்னக்குழந்தைக்கும் தெரியும். சாம்பல் வேறு. அவர் உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழிருந்து பையை இழுத்தார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

நான் நேரே அம்மாவின் அறைக்குப் போனேன். கதவைத் தள்ளிக்கொண்டே கேட்டேன்.

"வாழையடிக்குள்ள என்னத்தத் தாட்டீங்க?"

அம்மா பாயில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் வாளி. அறை முழுக்க வாந்தி நாற்றம். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. என் பக்கம் திரும்பக்கூட அவளுக்கு நேரம் எடுத்தது.

"சத்தம் போடாதகா, அவருக்குக் கேக்கும்" என்றாள். "அது நல்லதில்ல. நம்மட புத்துல ஆரோ புடுங்கித்தானுகள். வரம்போரத்தில நிண்டதப் புடுங்கினன். பாக்க ஒரே மாதிரித்தான் இருந்திச்சு. விடியக்காலத்தால திண்டன். வயித்தால ஓடுது, நிக்குதில்ல."

"நல்லதில்ல எண்டு தெரிஞ்சி ஏன் திண்டீங்க?"

"திண்டாத்தானே தெரியும் மகள். கண்ணால பாத்துத்து அப்பிடியே அவருக்கு வைக்க ஏலுமா? அவர் ஒரு தாய் பெத்த பிள்ளையெல்லுவா."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. ஒரு பிடியைத் தனியாகச் சின்னச் சட்டியில் அவித்து, விடியற்காலையில் வெறும் வயிற்றில் தின்றுவிட்டு, மத்தியானம் வரை தனக்கு என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை என்றால் மிச்சத்தை எங்களுக்கு ஆக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகும் நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி இவள். எனக்கு மனிதர்கள் மேல் சந்தேகம், அவளுக்குக் காளான் மேல்.

"எப்ப இருந்தும்மா இப்பிடி?"

"எப்ப இருந்தெண்டா? உனக்கும் அப்பிடித்தான் தந்த."

போர் நடந்த காலத்தில் நாங்கள் ஊர்விட்டு ஊர் ஓடி, மரத்தடியில் கிடந்தோம். அரிசி இல்லாத நாட்களில் அம்மா காட்டுக்குள் போய் எதையாவது பிடுங்கி வருவாள். எனக்குப் பசி தாங்காது. "இப்ப தாங்க, இப்ப தாங்க" என்று அழுவேன். வெந்த காளான் பக்கத்தில் இருந்தும் தரமாட்டாள். "பொறு, சூடு ஆறட்டும்" என்பாள். சூடு ஆறி வெகுநேரம் ஆகியிருக்கும். அம்மாவுக்கு ஈவிரக்கமே இல்லை என்று அப்போது நினைத்திருக்கிறேன். அந்த மரத்தடியில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் யாருடைய பிள்ளையாகப் போயிருப்பேன்? அதை நினைத்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

பின்னால் பை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் கதவடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. உடனே திரும்பி, செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடி, ஓட்டோ ஒன்றைக் கூட்டிவந்தார். அம்மாவை நானும் அவரும் தூக்கி ஏற்றினோம். மருமகன் கை படக்கூடாதென்று அந்த நிலையிலும் அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டாள். அவர் மறுபடி வளவுக்குள் போய், வாழையடியைக் கையாலேயே தோண்டி, காளான் துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார்.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வேற ஆர் ஆர் சாப்பிட்ட?" என்றுதான்.

"ஒருத்தரும் இல்லை" என்றார் அவர். "எங்களுக்குத் தரேல்லை."

அந்தக் கடைசிச் சொல்லில் அவர் குரல் உடைந்தது. அதே சொல்லை அன்று மத்தியானம் அவர் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்.

இரவு முழுக்கச் சேலைன் ஏறியது. மறுநாள் காலையில் வாந்தி நின்றது. டொக்டர் வந்து நல்லாக ஏசினார். உடனே வாந்தி வந்ததால்தான் தப்பினாவாம். ஆளைக் கொல்கிற காளான்கள் அப்படி உடனே காட்டாதாம். சாப்பிட்டவர் அடுத்த நாள் வரை நல்லாக இருப்பாராம், பிறகு ஈரல் போய்விடுமாம். தின்றுபார்த்து, மஞ்சள் போட்டுப் பார்த்து எல்லாம் கண்டுபிடிக்க ஏலாது என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் போன பிறகு அவர் தாழ்வாரத்தில் நின்று தாயாரோடு பேசினார். இந்த முறை ஒலிபெருக்கி போடவில்லை. ஆனால் அவர் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்டது. "இல்லையம்மா. நாங்கள் வரேல்லை. மாற்றமும் கேக்கேல்லை. இல்லை, ஒருத்தரும் என்னை ஒண்டும் செய்யேல்லை." பிறகு கன்ரீன் பக்கம் போய்க் கஞ்சி வாங்கிவந்தார்.

வந்தவர் கட்டிலடியில் நின்று, என்னைப் பார்க்காமல், நேரே அம்மாவைப் பார்த்துப் பேசினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து முதல் தடவை.

"மாமி, இனி எனக்காக இப்பிடிச் செய்யாதேங்கோ. டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? கெட்ட காளான் எண்டால் அடுத்த நாள்தான் காட்டுமாம். நீங்கள் காலமை திண்டுபோட்டு மத்தியானம் வரைக்கும் பாக்கிறதிலை ஒரு பிரியோசனமும் இல்லை."

அம்மாவின் முகம் மாறியது. பிடிபட்டவளின் முகம். எழும்பி உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. தபால்காரியான என்னைத் தேடாமல் அவளும் நேரே அவருக்கே பதில் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியாமப் போயித்து மனே. கோவிக்காதீங்க. இத்தின நாளும் உங்களுக்கு அவசரப்பட்டுத்தான் தந்திரிக்கன். இனி முதல் நாளே திண்டு பாக்கிறன். ஒண்டும் ஆகல்லயெண்டா, மறுகா அடுத்த நாள் அதே புத்துல புதுசாப் புடுங்கி ஆக்கித் தாறன்."

தன்னைக் காப்பாற்றச் சொல்லப்பட்ட சொல் என்று அவளுக்குப் படவேயில்லை. மருமகனின் உயிர் விஷயத்தில் தான் கவனக்குறைவாக இருந்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டாள்.

அவர் கட்டிலோரத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில், இதுவரை உட்காராத அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தார். கஞ்சிப் பொதியை அவிழ்த்துக் கிண்ணத்தில் ஊற்றினார். கரண்டியால் ஒரு வாய் அள்ளித் தான் குடித்தார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சி ஆறிய பிறகும் பொறுத்திருந்தார். பிறகு இன்னொரு கரண்டி அள்ளி அம்மாவின் வாயருகே கொண்டுபோனார்.

அம்மா வாயைத் திறக்காமல் அவரையே பார்த்தாள்.

"சூடு பாத்தனான் மாமி" என்றார்.

நான் நம்பவில்லை.